பயன்பாட்டு நிலவியல் ஆய்விதழ் ஒன்றின் மேற்கோள் தாக்கத்தை அளப்பது எப்படி: பெங்களூரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் பாறையும் நிலத்தடி நீரும் சார்ந்த வேலையில் இருக்கும் தமிழர்கள் நிறையப் பேர். இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானிகள், மெட்ரோ சுரங்கப் பணிக்கு ஆலோசகர்கள் என்று பல வகை. ஏதோ ஒரு கட்டத்தில் இவர்கள் எல்லோரும் நூலக மேசைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "சார், இந்த ஜர்னலோட இம்பாக்ட் ஃபேக்டர் எவ்வளவு?" ஒரு இதழின் கட்டுரைகளைப் பிற ஆய்வுகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகின்றன என்று சொல்லும் எண் அது. எண்ணைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். பயன்பாட்டு நிலவியலில் இன்னும் கொஞ்சம் கூடவே பிடிக்கும். காரணத்தைக் கீழே பார்ப்போம்.

கையில் ஒரு கணினி, ஒரு விரிதாள், இரண்டு மூன்று நாள் ஓய்வு நேரம் இருந்தால் இந்த வேலையை நீங்களே செய்துவிடலாம். பணம் கட்டும் தரவுத்தளம் இல்லாவிட்டாலும் பெரும்பகுதி முடியும்.

1. எதற்காக அளக்கிறீர்கள்?

கட்டுரை அனுப்ப இதழ் தேடுபவருக்கு வேண்டியது, தன் துறைக்காரர்கள் அந்த இதழைப் படிக்கிறார்களா என்பது. சந்தா பற்றி முடிவெடுக்கும் நூலகருக்கு வேண்டியது, தன் நிறுவன ஆய்வாளர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்களா என்பது. இதழின் ஆசிரியர் குழுவுக்கோ, போன ஐந்தாண்டை விட இப்போது நிலைமை தேறியிருக்கிறதா என்று தெரிய வேண்டும். மூன்றும் வேறு வேறு கணக்குகள். கேள்வியை ஒரே வாக்கியமாகத் தாளில் எழுதிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

உங்கள் நோக்கம் ஒரு ஆளை எடைபோடுவது என்றால், அதாவது பதவி உயர்வு, வேலை நியமனம் என்றால், இங்கேயே நின்றுவிடுவது நல்லது. இதழின் சராசரியைக் கொண்டு தனி மனிதரின் ஆய்வை மதிப்பிடக் கூடாது என்று 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள் எழுதிய, ஆய்வை மதிப்பிடுவது பற்றிய டோரா அறிக்கை தெளிவாகச் சொல்கிறது. நம் ஊரில் இது இன்னும் எல்லாக் குழுக்களின் காதுக்கும் எட்டவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு, தான் ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்ட பிறகு, எந்த இதழ் தேறும் என்று முடிவு செய்யும் பொறுப்பு கல்வி நிறுவனங்களின் தலையிலேயே விழுந்திருக்கிறது. ஆகவே பட்டியலைப் பார்த்து டிக் அடித்த காலம் போய், ஒரு இதழை நாமே ஆராய்ந்து பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

2. இதழின் அடையாளத்தை உறுதி செய்யுங்கள்

அலுப்பான வேலை, ஆனால் பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. முதலில் ஐஎஸ்எஸ்என் எண்ணை, அதாவது இதழின் சர்வதேச அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். அச்சு வடிவத்துக்கு ஒன்று, இணைய வடிவத்துக்கு ஒன்று என இரண்டு இருக்கும். தேடும்போது இரண்டையும் போட வேண்டும். ஐஎஸ்எஸ்என் தளத்தில் அந்த எண் உண்மையிலேயே அந்த இதழுடையதா என்றும் பாருங்கள். நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடி, போலித் தளம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பழைய பெயர்கள். நிலவியல் இதழ்கள் பெயர் மாற்றிக்கொள்வதில் கெட்டிக்கார இதழ்கள். 1992இல் 'அப்ளைடு ஹைட்ரோஜியாலஜி' என்று தொடங்கியது 1995இல் 'ஹைட்ரோஜியாலஜி ஜர்னல்' ஆனது. 'ராக் மெக்கானிக்ஸ்' 1983இல் 'ராக் மெக்கானிக்ஸ் அண்ட் ராக் இன்ஜினியரிங்' ஆனது. லண்டனில் 1967இல் தொடங்கிய 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் இன்ஜினியரிங் ஜியாலஜி' பிற்பாடு ஹைட்ரோஜியாலஜியையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. உள்ளூர் உதாரணம் வேண்டுமென்றால், பெங்களூரிலேயே இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியின் புவி அறிவியல் 'புரொசீடிங்ஸ்' 2005இலிருந்து 'ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ்' என்ற பெயரில் வருகிறது. பழைய பெயரை விட்டுவிட்டு எண்ணினால் ஒரு தலைமுறை உழைப்பே கணக்கில் வராமல் போகும்.

மூன்றாவது சுருக்கப் பெயர்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் சங்கம் 1958இல் தொடங்கப்பட்டது. அதன் இதழை மேற்கோள் காட்டுபவர்கள் 'ஜே. ஜியால். சொஸை. இந்தியா' என்று எழுத வேண்டும். கடைசியில் வரும் 'இந்தியா'வை ஒருவர் விட்டுவிட்டால் அது லண்டன் சங்கத்து இதழின் சுருக்கமாகிவிடும். நம் இதழுக்கு வந்த மேற்கோள் கடல் கடந்து போய் உட்கார்ந்துவிடும்! இது போதாதென்று இந்திய நிலவியல் சங்கத்தையும், 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தையும் 'ஜிஎஸ்ஐ' என்ற ஒரே மூன்றெழுத்தால் எல்லோரும் குறிக்கிறார்கள். வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் கிடைத்தால் அதில் 'சைட்டட் ரெஃபரன்ஸ்' தேடலைத் திறந்து, சாத்தியமான எல்லாச் சுருக்கங்களையும் போட்டுப் பாருங்கள். சாதாரணத் தேடலில் அகப்படாத மேற்கோள்கள் அங்கே கிடைக்கும்.

3. எந்தத் தரவுத்தளம்?

மேற்கோள் எண்ணிக்கை என்று தனியாக ஒன்று கிடையாது. 'ஸ்கோபஸ் கணக்குப்படி இவ்வளவு', 'கூகுள் ஸ்காலர் கணக்குப்படி இவ்வளவு' என்றுதான் சொல்ல முடியும். வெப் ஆஃப் சயின்ஸும் ஸ்கோபஸும் இதழ்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பவை. இரண்டுக்கும் சந்தா வேண்டும், உங்கள் நிறுவன நூலகத்தில் கேளுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, அரசு அறிக்கை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். எண்ணிக்கை பெரிதாக வரும், கூடவே இரட்டைப் பதிவுகளும் குப்பையும் வரும்.

காசில்லாமல் வேலை செய்ய எனக்குப் பிடித்தது ஓப்பன்அலெக்ஸ். மைக்ரோசாஃப்ட் தன் கல்வித் தரவை 2021 இறுதியில் நிறுத்திய பிறகு, 2022 ஜனவரியில் அதன் இடத்தை நிரப்ப வந்தது. கிராஸ்ரெஃப் இன்னொரு வழி. பதிப்பகங்கள் டிஓஐ (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) பதிவு செய்யும்போது கொடுக்கும் மேற்கோள் பட்டியல்கள் 2022இலிருந்து அங்கே முழுவதும் திறந்திருக்கின்றன. ஆனால் டிஓஐ இல்லாத பழைய இதழ்களுக்கு அது கைகொடுக்காது. 1970களின் நிலவியல் கட்டுரைகளைத் தேடுபவர்களுக்கு இது பெரிய குறை.

ஒரு விதி: ஒப்பீடு முழுவதையும் ஒரே தளத்தில் செய்யுங்கள். ஒரு இதழுக்கு ஸ்கோபஸ் எண்ணையும் இன்னொன்றுக்கு கூகுள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

4. தயாராகக் கிடைக்கும் எண்களைப் படியுங்கள்

இம்பாக்ட் ஃபேக்டரை முதலில் பார்ப்போம். யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது, இன்று வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூனில் வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டுக்கான எண் என்றால், 2022லும் 2023லும் இதழில் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுக் கட்டுரைகள் எண்ணிக்கையால் வகுப்பது. இதில் ஒரு நெளிவு இருக்கிறது. மேலே உள்ள எண்ணில் ஆசிரியர் உரை, கடிதம், விவாதக் குறிப்பு எல்லாவற்றுக்கும் வந்த மேற்கோள்கள் சேரும். கீழே வகுக்கும் எண்ணில் அவை சேராது. 'விவாதமும் பதிலும்' நிறைய வெளியிடும் நிலவியல் இதழ்களுக்கு இது சின்ன போனஸ்.

2022ஆம் ஆண்டுக்கான எண்களிலிருந்து கிளாரிவேட் இம்பாக்ட் ஃபேக்டரை ஒரே ஒரு தசம இடத்தோடு வெளியிடுகிறது. வெப் ஆஃப் சயின்ஸின் 'வளர்ந்துவரும்' இதழ்கள் பட்டியலில் இருக்கும் சிறிய இதழ்களுக்கும் அப்போதிருந்து எண் உண்டு. ஆகவே 'எங்கள் இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் வந்துவிட்டது' என்ற விளம்பரத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

சைட்ஸ்கோர் ஸ்கோபஸின் கணக்கு. 2020இல் மாற்றிய முறைப்படி, நான்கு ஆண்டுகளில் வெளியானவற்றுக்கு அதே நான்கு ஆண்டுகளில் வந்த மேற்கோள்களை, அந்த வெளியீடுகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். ஸ்கோபஸின் இதழ்ப் பட்டியல் பக்கத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எஸ்ஜேஆர், யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதற்கு எடை கொடுப்பது. ஸ்னிப், துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கம் மாறுவதைச் சரிக்கட்டுவது. மருத்துவத்தையும் நிலவியலையும் ஒரே கோலால் அளக்க நேரும் குழுக்களுக்கு ஸ்னிப் மற்றவற்றை விடப் பொருத்தம். கிளாரிவேட்டின் ஜேசிஐயும் அதே வகைதான், அதில் 1 என்றால் துறையின் உலகச் சராசரி.

5. நீங்களே எண்ணுங்கள்

பெங்களூர் நூலகத் துறைக்கு இந்த எண்ணும் வேலை அந்நியமில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1948லேயே நூலக வேலையைப் புள்ளியியலால் ஆராய வேண்டும் என்று 'லைப்ரமெட்ரி' என்ற பெயரில் முன்மொழிந்தார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் இதே ஊரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தையும் தொடங்கினார். ஆகவே விரிதாளைத் தயங்காமல் திறந்துகொள்ளுங்கள்.

ஓப்பன்அலெக்ஸில் இதழின் ஐஎஸ்எஸ்என்னைக் கொண்டு வடிகட்டி, வேண்டிய ஆண்டுகளின் கட்டுரைகளை இறக்குங்கள். அதன் ஏபிஐ வழியாக (கணினி நிரல் மூலம் நேரடியாகத் தரவு கேட்கும் வழி) எடுத்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆண்டுவாரி மேற்கோள் கணக்கு கிடைக்கும். கணினி நிரல் எழுத வராது என்றால் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருள் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். வெப் ஆஃப் சயின்ஸில் 'சைட்டேஷன் ரிப்போர்ட்', ஸ்கோபஸில் 'சைட்டேஷன் ஓவர்வியூ' என்று தேடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. டிஓஐ, தலைப்பு, வெளியான ஆண்டு, வகை, ஆண்டுவாரி மேற்கோள்கள், அவற்றில் இதே இதழிலிருந்து வந்தவை என்று நிரல்கள். வகை நிரலை மட்டும் தானியங்கித் தரவை நம்பி விடாதீர்கள். இரங்கல் குறிப்பும் மாநாட்டு அறிவிப்பும் 'கட்டுரை' என்று பதிவாகியிருக்கும். கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் களையுங்கள். இன்னொன்று, 2022 நவம்பரில் இணையத்தில் வந்து 2023 பிப்ரவரி இதழில் அச்சேறிய கட்டுரையை எந்த ஆண்டில் சேர்ப்பது? எதுவானாலும் சரி, ஆனால் ஒரே விதியை எல்லா இதழ்களுக்கும் பின்பற்றுங்கள்.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு இதழ் 2022இல் 58, 2023இல் 62 என மொத்தம் 120 கட்டுரைகள் வெளியிட்டது. அந்த ஆண்டுகளில் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோள்கள் 204. வகுத்தால் 1.7. நன்றாகத்தான் இருக்கிறது. 204இல் 18 மேற்கோள்கள் குறிப்புகளுக்கும் கடிதங்களுக்கும் வந்தவை. அவற்றைக் கழித்தால் 186, அதாவது 1.55. சரி, இன்னும் கொஞ்சம் தோண்டுவோம். 204இல் 66 மேற்கோள்கள் நிலச்சரிவு வரைபடமாக்கல் பற்றிய ஒரே ஒரு மீளாய்வுக் கட்டுரைக்குப் போனவை. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் 119 கட்டுரைகளுக்கு 138, அதாவது 1.16. கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது 1. கால்வாசிக்கு மேல் பூஜ்யம். 1.7 என்ற எண்ணைப் பார்த்துக் கட்டுரை அனுப்புபவருக்கு இந்த இதழில் உண்மையில் எதிர்பார்க்கக் கூடியது 1.

அதே இதழின் சைட்ஸ்கோர் வகைக் கணக்கு: 2021 முதல் 2024 வரை 230 கட்டுரைகள், அதே காலத்தில் 621 மேற்கோள்கள், 2.7 வருகிறது. ஒரே இதழ், இரண்டு எண்கள், இரண்டும் சரி. ஒரு இதழின் 2.7ஐயும் இன்னொன்றின் 1.7ஐயும் ஒப்பிட்டு 'இது பெரியது' என்று யாராவது சொன்னால், எந்த அளவுகோல் என்று முதலில் கேளுங்கள்.

சராசரியோடு நடு மதிப்பையும், மேற்கோளே இல்லாத கட்டுரைகளின் பங்கையும் கட்டாயம் எழுதுங்கள். ஆண்டுக்கு அறுபது கட்டுரை வெளியிடும் இதழில் ஒரு கட்டுரை வெற்றி பெற்றாலே எண் குதிக்கும், இரண்டு ஆண்டு கழித்து விழும். மூன்று ஆண்டு எண்களின் சராசரியை எடுத்தால் இந்த ஆட்டம் அடங்கும்.

6. காலச் சாளரம்: இங்கே அவசரப்படாதீர்கள்

எத்தனை ஆண்டுக் கட்டுரைகளைக் கணக்கில் எடுப்பது? என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமான முடிவு இதுதான். இரண்டு ஆண்டுச் சாளரம் வேகமாக நகரும் உயிரியல் துறைகளுக்குப் பொருந்தலாம். நிலவியல் மெதுவாக நகர்வது. ஒருவர் ஒரு அணைத் தளத்தின் பாறைப் பிளவுகளை அளந்து கட்டுரை எழுதுகிறார். அதைப் படித்த இன்னொருவர் தன் தளத்தில் மழைக்காலம் முடியக் காத்திருந்து, துளையிட்டு, மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் சோதித்து, எழுதி, திருத்தி வெளியிடுவதற்குள் மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். அவர் நன்றியோடு கொடுத்த மேற்கோள் இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கில் ஏறுவதே இல்லை.

இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமா? பார்டன், லீன், லூண்டே மூவரும் 1974இல் 'ராக் மெக்கானிக்ஸ்' இதழில் வெளியிட்ட கியூ முறை, சுரங்கத்துக்கு எவ்வளவு தாங்கல் வேண்டும் என்பதைப் பாறையின் தரத்திலிருந்து கணிப்பது. ஐம்பது ஆண்டு கழித்தும் சுரங்கப் பொறியியல் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கின்றன. பெங்களூர் மெட்ரோவுக்காக அரைகுறையாகச் சிதைந்த கிரானைட்டும் நைஸ் பாறையும் கலந்த நிலத்தைத் துளைப்பவர்களும் பாறை வகைப்பாட்டைத் தொடாமல் வேலை செய்ய முடியாது. 1976 தாண்டியதும் அந்தக் கட்டுரை தன் இதழின் இரண்டாண்டுக் கணக்கிலிருந்து இறங்கிவிட்டது.

ஆகவே பயன்பாட்டு நிலவியலுக்கு என் பரிந்துரை: இரண்டாண்டு எண்ணைக் குறிப்பிடுங்கள், ஐந்தாண்டு எண்ணை முதன்மையாக்குங்கள், முடிந்தால் பத்தாண்டுக் கணக்கும் போடுங்கள். மேலே சொன்ன கற்பனை இதழில் 2019 முதல் 2023 வரை 290 கட்டுரைகள், அவற்றுக்கு 2024இல் 580 மேற்கோள்கள் என்றால் ஐந்தாண்டு எண் 2.0. இரண்டாண்டு எண்ணை விட இது கூடுதலாக இருப்பது, கட்டுரைகள் தாமதமாகச் சூடுபிடிக்கின்றன என்பதன் அடையாளம்.

கிளாரிவேட் அறிக்கையில் 'சைட்டட் ஹாஃப் லைஃப்' என்ற நிரலும் இருக்கும். அந்த ஆண்டு இதழுக்கு வந்த மேற்கோள்களில் பாதி எவ்வளவு பழைய கட்டுரைகளுக்கு என்பதைச் சொல்வது. இது பத்தைத் தாண்டினால் இதழுக்கு வயதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதன் பழைய கட்டுரைகள் இன்னும் வேலை செய்கின்றன என்றும் பொருள் கொள்ளலாம். கூடவே புதிய கட்டுரைகள் யார் கண்ணிலும் படவில்லை என்றும் இருக்கலாம். ஆண்டுவாரிக் கணக்கைப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

7. யாரோடு ஒப்பிடுவது?

வெப் ஆஃப் சயின்ஸில் 'நிலவியல் பொறியியல்' என்று ஒரு வகை, 'பல்துறைப் புவி அறிவியல்' என்று அதை விட மிகப் பெரிய இன்னொரு வகை. வகையின் இதழ்களைத் தரவரிசையில் அடுக்கி நான்கு சம பாகமாகப் பிரித்தால், ஒரே இதழ் ஒன்றில் இரண்டாம் கால்பகுதியிலும் மற்றொன்றில் மூன்றாம் கால்பகுதியிலும் இருக்கலாம். விளம்பரத்தில் எது வரும் என்று சொல்லத் தேவையில்லை. கிளாரிவேட் 2024இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து வளர்ந்துவரும் இதழ்களையும் சேர்த்தே தரவரிசை போடுகிறார்கள். அதனால் அதற்கு முந்தைய வரிசையோடு நேராக ஒப்பிட முடியாது.

நீங்களே ஒரு ஒப்பீட்டுக் குழு அமைப்பதுதான் நேர்மை. உங்கள் இதழின் கட்டுரைகளை அதிகம் மேற்கோள் காட்டும் இதழ்களையும், உங்கள் இதழ் அதிகம் மேற்கோள் காட்டும் இதழ்களையும் பட்டியலிட்டு, இரண்டிலும் வருபவற்றில் எட்டுப் பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தேவையில்லை. பிராட்ஃபோர்டு 1934லேயே பயன்பாட்டுப் புவி இயற்பியல் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார். 326 இதழ்களில் சிதறியிருந்த 1,332 கட்டுரைகளில் 429 கட்டுரைகள் வெறும் 9 இதழ்களில் இருந்தன. நம் பக்கத்து வீட்டுத் துறையிலேயே கண்ட கணக்கு இது, கரு இதழ்கள் எப்போதும் சிலவே.

நிலத்தடி நீர், கனிம வளம், பொறியியல் நிலவியல் மூன்றையும் கலந்து வெளியிடும் இதழ் என்றால், கட்டுரைகளை மூன்றாகப் பிரித்துத் தனித்தனியே ஒப்பிடுங்கள். நீர் பற்றிய கட்டுரைகள் மொத்த எண்ணைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருப்பது அப்போது தெரியவரலாம்.

8. மேற்கோள் எங்கிருந்து வருகிறது?

இதழின் சுயமேற்கோளைக் கழித்து ஒருமுறை கணக்கிடுங்கள். கொஞ்சம் இருப்பது இயல்பு. கர்நாடகப் பாறைகளைப் பற்றி எழுதுபவர் கர்நாடகப் பாறைகளைப் பற்றி அதிகம் வெளியிடும் இதழை மேற்கோள் காட்டாமல் வேறெதைக் காட்டுவார்? ஆனால் அந்தப் பங்கு ஒரே ஆண்டில் திடீரென்று ஏறினாலோ, இரண்டு இதழ்கள் ஒன்றையொன்று மாறி மாறி மேற்கோள் காட்டினாலோ சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட இதழ்களுக்கு கிளாரிவேட் எண் தராமல் நிறுத்தி வைப்பதுண்டு.

மேற்கோள் காட்டியவர்களின் நாடுகளையும் நிறுவனங்களையும் பாருங்கள். இந்திய இதழ் ஒன்றுக்கு பிரேசிலிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மேற்கோள் வந்தால், பழைய கேடயப் பாறை (கண்டங்களின் மிகப் பழைய கெட்டிப் பாறை) நிலங்களில் வேலை செய்பவர்கள் படிக்கிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தகவல் எந்த ஒற்றை எண்ணிலும் கிடைக்காது.

9. மேற்கோளுக்கு வெளியே

பயன்பாட்டு நிலவியல் கட்டுரையின் பயனாளிகளில் பலர் கட்டுரையே எழுதாதவர்கள். சுரங்க ஒப்பந்தக்காரரின் ஆலோசகர், ஆழ்துளைக் கிணறு பற்றி அறிக்கை எழுதும் அரசு அதிகாரி, அணைப் பாதுகாப்புக் குழு, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறை எழுதும் குழு. இவர்களுடைய அறிக்கைகள் ஸ்கோபஸில் ஏறாது. மத்திய நிலத்தடி நீர் வாரிய அறிக்கைகளிலும், திட்ட அறிக்கைகளிலும், அந்த அமைவனத்தின் ஐஎஸ் நெறிமுறைகளின் மேற்கோள் பகுதியிலும் இதழின் பெயரைக் கூகுளில் தேடிப் பாருங்கள். காப்புரிமைகளில் வந்திருந்தால் லென்ஸ் தளம் இலவசமாகக் காட்டும். கிடைப்பதை எண்ணாக மாற்ற முயலாமல், ஐந்தாறு உதாரணங்களாக எழுதுங்கள்.

10. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

குழுவில் இருப்பவர்கள் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார்கள். எனவே ஒரே பக்கம். மேலே உங்கள் கேள்வி, அதன் கீழே தரவுத்தளத்தின் பெயர், தரவை இறக்கிய தேதி. தேதி மிக முக்கியம், ஏனென்றால் அடுத்த மாதம் அதே தேடல் வேறு எண்ணைத் தரும். பிறகு ஒரு சிறு அட்டவணை: இரண்டாண்டு எண், ஐந்தாண்டு எண், நடு மதிப்பு, மேற்கோளற்ற பங்கு, சுயமேற்கோள் நீக்கிய எண், ஒப்பீட்டுக் குழுவில் இடம். அதன் கீழ் நான்கு வரியில் உங்கள் வாசிப்பு. தரவு எங்கே குறை என்பதற்கு இரண்டு வரி.

விரிதாளையும் சுருக்கப் பெயர்ப் பட்டியலையும் பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த ஜூனில் புதிய எண்கள் வந்ததும் ஒரு ஆண்டுக்கான வரிசைகளைச் சேர்த்தால் போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும்.